பாடகர் மாறினா பேண்ட் என்ன ஆகும்? பண்ணைப்புரம் 'பாவலர் பிரதர்ஸ்' சொல்லும் பதில்!

பிடிச்ச பேண்டோட மெயின் சிங்கர் விலகிட்டார்னு நியூஸ் வந்தா, ரசிகர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான்: 'இனிமே இது அதே பேண்டா?' 2017-ல் செஸ்டர் பென்னிங்டன் இறந்த பிறகு ஏழு வருஷம் அமைதியா இருந்த 'லிங்கின் பார்க்', 2024-ல் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் குரலோடு திரும்பி வந்தப்போ உலகம் முழுக்க இதே சண்டைதான். பாதிப்பேர் கொண்டாடினாங்க. மீதிப்பேர், 'பேரையாவது மாத்தியிருக்கலாம்' என்று குமுறினாங்க.

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ஒரு பழைய பதில் இருக்கு. தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய ஓர் அண்ணன் - தம்பி குழு. பாடுற குரல் பல முறை மாறியது. பாட்டின் திசையும் மாறியது. கட்சி மேடையில் ஆரம்பிச்ச பயணம் மெல்லிசை மேடைக்குப் போய், கடைசியில் சினிமா ரெக்கார்டிங் தியேட்டருக்குள் நுழைஞ்சது. 'பாவலர் பிரதர்ஸ்' என்ற அந்தக் குழுவின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

யார் இந்த 'பாவலர்'?

இளையராஜாவின் அண்ணன், பாவலர் வரதராஜன். இருவருக்கும் அப்பா ஒருவர், அம்மா வேறு. ராஜா, பாஸ்கர், கங்கை அமரன் மூவரும் சின்னத்தாயம்மாளின் பிள்ளைகள். அன்றைக்கு ராஜாவின் பெயர் ராசய்யா. கங்கை அமரன், அமர்சிங்.

வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். தானே எழுதுவார், தானே பாடுவார். அவர் கையாண்ட டெக்னிக் சிம்பிள். ஜனங்க வாயில் ஏற்கெனவே முணுமுணுத்துக்கிட்டு இருக்கிற சினிமா மெட்டை எடுத்துக்கணும். அதில் கூலி, நிலம், ஓட்டு என்று புது வரிகளை ஏத்தணும். மெட்டு தெரிஞ்சதுங்கிறதால கூட்டம் முதல் தடவையிலேயே பாட்டைப் பிடிச்சுக்கும். அடுத்த நாள் காட்டு வேலையிலும் அதே பாட்டு ஓடும். இன்னிக்கு ஒரு ட்ரெண்டிங் ஆடியோவை எடுத்து அதில் நம்ம கன்டென்ட்டைப் போட்டு ரீல்ஸ் விடுறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். மைக் செட்டும் மாட்டு வண்டியும் இருந்த காலத்து வெர்ஷன்!

தேவிகுளம், 1958

இந்தக் குழுவின் பெயரைப் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுபோனது ஓர் இடைத்தேர்தல். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, தமிழர்கள் அதிகம் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. பெரும்பான்மை மிகக் குறைவு. ஒவ்வொரு சீட்டும் முக்கியம். அந்த நேரத்தில், தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்து, 1958-ல் அங்கே மறுபடி தேர்தல் நடந்தது.

வாக்காளர்களில் பெரும் பகுதி தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசி ஓட்டு வாங்க முடியாது. போடிமெட்டு வழியாக மலையேறினால் தேனிப் பக்கத்துக்காரங்களுக்கு மூணாறு ஒண்ணும் தூரமில்லை. பாவலர் தன் குழுவோடு ஏறினார். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்குண்டு என்று இ.எம்.எஸ்ஸே பாராட்டியதாக இன்றும் பள்ளத்தாக்கில் பெருமையாகச் சொல்வார்கள்.

அண்ணனின் குழுவில் ராசய்யா சேர்ந்தது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். வயசு 14. அதற்குமுன் வைகை அணை கட்டுமான வேலையில் கூலிக்குப் போய் உழைத்த பையன் அவர்.

முதல் மாற்றம்: உடைந்த குரல்

குழுவில் ராசய்யாவுக்குக் கிடைத்த வேலை, பெண் குரலில் பாடுவது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் கட்சிப் பாட்டுக் குழுவில் பெண்கள் வருவது அபூர்வம். டூயட் மெட்டுக்குப் பெண் குரல் வேணும்னா, இன்னும் குரல் உடையாத பையன்தான் பாடணும்.

ஆனா, இந்த வேலைக்கு எக்ஸ்பயரி டேட் உண்டு. பருவ வயதில் பையன்களின் குரல்வளை வளரும். குரல் நாண்கள் நீளமாகி, தடிமனாகும். அதிர்வு குறைந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இதைத்தான் நம்ம ஊர்ல 'மகரக்கட்டு' என்பார்கள். பொதுவா ஆண்கள் 1, 2 கட்டை சுருதியிலும், பெண்கள் 5, 6 கட்டையிலும் பாடுவார்கள். அந்த இடைவெளியை ஒரு பையன் சில மாதங்களில் கடந்துவிடுகிறான். நேற்றுவரை எட்டிய ஸ்வரம் இன்னிக்கு எட்டாது.

ராசய்யாவுக்கும் அதுதான் நடந்தது. குழுவுக்குப் பாடகர் போச்சு. பெண் குரலுக்குத் தம்பி அமர்சிங் வந்தார். ராசய்யா ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார்.

இங்கதான் கதையின் முதல் திருப்பம். அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது என்று வீட்டில் தடை இருந்ததையும், தெரியாமல் வாசித்துக் கற்றதையும் ராஜா பின்னாளில் சொல்லியிருக்கிறார். குரல் கைவிட்டதும், அந்தத் திருட்டுப் பயிற்சி குழுவுக்கே கைகொடுத்தது. பாடும்போது ஒரே ஒரு வரியைத்தான் நாம் யோசிக்கிறோம். ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால் பாட்டு மொத்தமும் கண்ணுக்கு முன்னாடி விரியும். எங்க சுருதி மாத்தணும், எங்க இடையிசை வரணும், எங்க பாடுறவங்களை மூச்சுவிட வைக்கணும் என்பதெல்லாம் வாசிக்கிறவரின் பொறுப்பு. ஒரு பாடகரைக் குழு இழந்தது. பதிலுக்கு ஓர் இசையமைப்பாளரின் பயிற்சி ஆரம்பித்தது.

இரண்டாவது மாற்றம்: சொந்த மெட்டு

பாவலர் பிரதர்ஸ் சுமார் பத்து வருஷம் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியது. அந்தக் காலத்தில்தான் ராஜா தன் முதல் மெட்டைப் போட்டார். 1964-ல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு அவர் இசையமைத்தார்.

கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க. அதுவரை குழுவின் ஃபார்முலா என்ன? மெட்டு அடுத்தவங்களோடது, வரி நம்மோடது. இந்தத் தடவை வரி அடுத்தவரோடது, மெட்டு நம்மோடது. ஃபார்முலா அப்படியே தலைகீழ். அதோடு, கம்யூனிஸ்ட் மேடையில் வளர்ந்த ஒரு பையன் காங்கிரஸ் பிரதமருக்கான இரங்கலுக்கு மெட்டுப் போடுகிறான். கட்சி வரி முக்கியமா இருந்த இடத்தில், இசையே முக்கியம் என்ற எண்ணம் நுழைஞ்சதுக்கு இதை முதல் அடையாளமா எடுத்துக்கலாம்.

மூன்றாவது மாற்றம்: ஊரைவிட்டு, மேடையைவிட்டு

1968. பாஸ்கர், ராஜா, அமர் மூவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று அம்மா பணம் கொடுத்ததை ராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அவர்களுக்கு முன்பே சினிமா கனவோடு சென்னைக்குப் போயிருந்தவர், அல்லிநகரத்துச் சின்னச்சாமி. சுகாதாரத் துறை வேலையில் இருந்துகொண்டே நாடகம் எழுதி, ஊர்த் திருவிழாக்களில் போட்டவர். இன்னிக்கு நாம அவரை பாரதிராஜா என்று சொல்கிறோம். பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்கும் அவருக்கும் பழக்கம் தேனிப் பக்கத்திலேயே தொடங்கியது. சென்னையில் அவருடைய நாடகங்களுக்கு இவர்கள் இசை போட்டார்கள்.

சென்னையில் பாவலரின் குரல் இல்லை. அப்போ பாடியது யார்? மலேசியாவிலிருந்து நடிக்கும் ஆசையோடு வந்திருந்த மலேசியா வாசுதேவன் இவர்களின் மேடைகளில் பாடினார். இன்னொரு பக்கம், எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் மூன்று சகோதரர்களும் வாத்தியக்காரர்கள் ஆனார்கள். பாஸ்கர் தாளவாத்தியம், அமரன் கிட்டார், ராஜா கிட்டாரும் ஆர்மோனியமும். தங்கள் பெயரில் குழு வைத்திருந்தவர்கள், வேறொருவரின் குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வெளியே இருந்து பார்த்தா இது இறக்கம் மாதிரித் தெரியும். ஆனா, ராஜா அந்த வருஷங்களை வீணாக்கவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக ஏராளமான படங்களில் வேலை செய்தார். அவற்றில் பெரும்பாலானவை கன்னடப் படங்கள். காதில் கேட்டு வாசித்த கம்பம் பள்ளத்தாக்குக் குழுவும், காகிதத்தில் நோட்ஸ் எழுதி வாசிக்கும் ஸ்டூடியோ முறையும் ஒரே மனிதருக்குள் சேர்ந்தது அப்போதுதான்.

'அன்னக்கிளி': அண்ணன் கேட்காத பாட்டு

பஞ்சு அருணாசலம் கொடுத்த வாய்ப்பில், 1976-ல் 'அன்னக்கிளி' வெளியானது. ராசய்யாவை 'ராஜா' ஆக்கியவர் தன்ராஜ் மாஸ்டர். ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருந்ததால், முன்னால் 'இளைய' சேர்த்தவர் பஞ்சு அருணாசலம்.

ஆரம்பக் காலத்தில் குழு என்ன செய்தது? சினிமா மெட்டை எடுத்துக் கிராமத்து மேடைக்குக் கொண்டுபோனது. 'அன்னக்கிளி'யில் ராஜா என்ன செய்தார்? கிராமத்து மெட்டை எடுத்து சினிமாவுக்குக் கொண்டுவந்தார். அதே ரோடு, ஆனா பயணம் எதிர்த் திசையில். பாடியவர்கள் சகோதரர்களும் இல்லை. எஸ்.ஜானகி, பி.சுசீலா, டி.எம்.சௌந்தரராஜன் என்று பெரிய குரல்கள். நாற்று நடவிலும் தாலாட்டிலும் கேட்ட இசை, ஸ்டூடியோ ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒலித்தது. அந்தப் புதுசு பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

அந்த வெற்றியைப் பார்க்கப் பாவலர் வரதராஜன் இல்லை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். எந்தக் குரலை மையமா வெச்சு குழு தொடங்கியதோ, அந்தக் குரல் சினிமாவில் ஒலிக்காமலே போனது.

மறுவருஷம் வந்தது '16 வயதினிலே'. அல்லிநகரத்து இயக்குநரும் பண்ணைப்புரத்து இசையமைப்பாளரும் முதல்முறையாகத் திரையில் சேர்ந்தார்கள். அதில் ஒரு பாடலை எழுதியவர் கங்கை அமரன். அதைப் பாடிய ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. எஸ்.பி.பிக்குத் தொண்டை சரியில்லாததால் அவர் பாட வேண்டியது மலேசியா வாசுதேவனுக்குப் போய், அவர் வாழ்க்கையையே மாற்றியது. டைட்டில் பாடலை ராஜாவே பாடினார். மகரக்கட்டில் உடைந்துபோன அதே குரல்தான்!

1981-ல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்தவர், அண்ணன் பாஸ்கர். நிறுவனத்தின் பெயர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'. பாடுறவர் மாறினார், பாட்டு மாறியது, ஊர் மாறியது. பெயரை மட்டும் அவர்கள் விடவில்லை.

எதைத் தொலைத்தார்கள்?

லாபக் கணக்கை மட்டும் எழுதினா நியாயமில்லை. கட்சி மேடைப் பாட்டு அன்றன்றைக்கு எழுதி, அன்றன்றைக்குப் பாடுவது. அந்தத் தேர்தல், அந்தக் கூலிப் பிரச்னை முடிஞ்சா அந்தப் பாட்டும் முடிஞ்சது. இசைத்தட்டு, கேசட் என்று எதிலும் ஏறாமல் போனவைதான் அதிகம். 'அன்னக்கிளி' பாட்டுகளை இன்னிக்கு ஒரு நொடியில் போனில் கேட்கலாம். மூணாறு எஸ்டேட்டில் 1958-ல் ஒலித்ததைக் கேட்க வழியில்லை. கேட்ட தலைமுறையும் குறைஞ்சுக்கிட்டே வருது.

அந்தப் பழைய இடம் காலியாகவே இருந்ததான்னு கேட்டா, இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஓர் உதாரணம். பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழு, கானா, ராப், ராக் கலந்து அரசியல் பேசியது. அங்கே பெண் குரலுக்குப் பையனைத் தேட வேண்டியிருக்கவில்லை. கானா பாடகி இசைவாணி மேடையில் நின்றார்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

* ஜெனிசிஸ் (இங்கிலாந்து): 1975-ல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகினார். வெளியே ஆள் தேடிப் பார்த்து, கடைசியில் டிரம்மர் ஃபில் காலின்ஸையே பாட வைத்தார்கள். சிக்கலான ராக் இசை மெதுவாகப் பாப் பக்கம் நகர்ந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ரெக்கார்டு விற்பனை கூடியது.
* ஏசி/டிசி (ஆஸ்திரேலியா): 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் இறந்தார். பிரையன் ஜான்சன் வந்தார். அதே வருஷம் வெளியான 'பேக் இன் பிளாக்', உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. இங்கே குரல் மாறியது, திசை மாறவில்லை.
* அல்லிகேட்ஸ் (மலேசியா): பினாங்கின் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நடத்திய பாப் குழு. ஆங்கிலப் பாட்டுகளில் தொடங்கி, மலாய்ப் பாடல்களால் நாட்டின் செல்லக் குழு ஆனது. 2007-ல் லோகநாதன் இறந்த பிறகும் டேவிட் குழுவை நிறுத்தவில்லை.

பாரதிராஜாவின் கதையையும் இதில் சேர்க்கலாம். பல வருஷம் ராஜாவோடு பயணித்தவர், 1993-ல் 'கிழக்குச் சீமையிலே' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மானிடம் போனார். 'நகரத்து சவுண்ட்' என்று பெயர் வாங்கியிருந்த ரஹ்மான், அதில் மண்வாசனையைக் கொண்டுவந்தார்.

உங்க பேண்டில் சிங்கர் மாறினா?

காலேஜ் பேண்ட், கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா, யூடியூப் குழு என எதுவாக இருந்தாலும் இதெல்லாம் உதவும்.

1. முதல்ல சுருதியை மாத்துங்க. பழைய பாடகரின் கட்டையிலேயே புதியவரைப் பாட வைக்காதீங்க. கத்த வேண்டியிருக்கும். 'இவர் அவரை மாதிரி இல்லை' என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

2. விலகுறவங்களுக்கு வேற வேலை இருக்கான்னு பாருங்க. பாட முடியாத ராசய்யாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தா, இந்தக் கட்டுரையே இல்லை.

3. பாட்டு யாருக்குச் சொந்தம்னு எழுதி வைங்க. நம்ம காப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு உரிமையாளர் எழுதியவர், மெட்டுக்கு உரிமையாளர் இசையமைத்தவர், ரெக்கார்டிங்குக்குத் தயாரித்தவர். பாடியவருக்குத் தன் நிகழ்ச்சி மீது தனி உரிமை உண்டு. ஆக, ஒரே பாட்டில் நாலு பேருக்குப் பங்கு இருக்கலாம். 2017-ல் தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று ராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பிக்கே வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். ஒரே மெல்லிசைக் குழுவில் வாசித்த நண்பர்களுக்கே இந்த நிலைமைன்னா, நமக்கு ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுறது தப்பே இல்லை.

4. பெயரை முடிவு பண்ணுங்க. பேண்டின் பெயர் யாருக்கு என்ற சண்டை, பிரிந்த பிறகு வந்தா தீராது. சேர்ந்து இருக்கும்போதே பேசிடுங்க.

5. எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணுங்க. பாவலருக்கு அந்த வசதி இல்லை. உங்க பாக்கெட்டில் இருக்கு.

ஒரு பார்வையில்

* 1958 – தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலரின் பிரசாரம்
* 1964 – நேரு இரங்கல் கவிதைக்கு ராஜா மெட்டு
* 1968 – சகோதரர்கள் சென்னைக்குப் பயணம்
* 1976 – 'அன்னக்கிளி'
* 1977 – '16 வயதினிலே'
* 1981 – பாவலர் கிரியேஷன்ஸின் 'அலைகள் ஓய்வதில்லை'
* 2025 மார்ச் 8 – லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு ராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேற்றம்

போடியிலிருந்து தேவாரம் வழியா கோம்பை போகிற ரோட்டில்தான் பண்ணைப்புரம் இருக்கு. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா, குறிப்பா எண்பதைத் தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தா, 'பாவலர் பாடிக் கேட்டிருக்கீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஞாபகத்தில் இருந்து ரெண்டு வரி பாடினாங்கன்னா, போனில் ரெக்கார்டு பட்டனை அழுத்த மறந்துடாதீங்க.